கை எடுத்த பிறகு

ஒன்பதாம் நாளும் வள்ளம் வரவில்லை.
ஊர்காவற்றுறைப் பக்கம் கடல் வெள்ளை வெள்ளையாய் உடைகிறது.
சோளகம் எழுவைதீவின் பனைகளை ஒரே பக்கமாய் வாரிவிட்டு
என் கதவின் கொழுக்கியை இரவெல்லாம் தட்டுகிறது.
எழும்பிப் போய்த் திறந்தால் ஒருவரும் இல்லை.
இரண்டு முறை திறந்தேன்.
மூன்றாம் முறை வெட்கமாய் இருந்தது.

நான் இங்கே மருத்துவிச்சி.
பிள்ளை நிறுக்கும் தராசு விறாந்தை வளையில் தொங்குகிறது.
மார்கழியில் கடைசியாய் ஒன்று அதில் கிடந்து அழுதது.
இப்போது காற்றை நிறுக்கிறது:
முள் கொஞ்சம் நடுங்கிப்
பூச்சியத்துக்கே திரும்பும்.
திருக்கை நிறுக்க அதைத் தரச்சொல்லி
வஸ்தியாம்பிள்ளை வந்து கேட்டார்.
அரசாங்கச் சொத்து என்றேன்.
அன்றைக்கு நான் பேசிய பேச்சு அவ்வளவுதான்.

ஞாயிறு சுவாமி வரவில்லை.
திறப்பு என்னிடம். கோயிலைத் திறந்து
வவ்வால் எச்சம் கூட்டி
எட்டு வாங்குகளுக்கும் எனக்குமாய் வாசகம் வாசித்தேன்.
எலியா ஓடைக்கரையில் தனியே இருக்க
காகங்கள் அப்பமும் இறைச்சியும் கொண்டுவருகிற இடம்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
விடியத்தான் ஒரு காகம்
கிணற்றுக்கட்டில் வைத்த என் சவர்க்காரத்தைத் தூக்கிக்கொண்டு போனது.
ஆண்டவரே, உம்முடைய பறவைகளுக்கு
யாரோ விலாசத்தை மாற்றிச் சொல்லிவிட்டார்கள் என்று
சத்தமாகவே சொன்னேன்.
கூரை ஓடுகள் கேட்டன.

இடமாற்றம் கேட்டு எழுதிய கடிதம்
திருப்பாடல்களுக்கு நடுவில் கிடக்கிறது.
'குடும்ப நிலை காரணமாக' என்று எழுதியிருக்கிறேன்.
குடும்பம் இல்லை.
இல்லாததைக் காரணமாய் எழுத
படிவத்தில் கோடு விடவில்லை.

இரவில் செபமாலை. ஐம்பத்து மூன்று முறை நான் பேச
மறுபக்கம் ஒரு சொல் இல்லை.
வாயே திறக்காத ஒருவரோடு
கோபித்துக்கொண்டு இருப்பதும் எவ்வளவு கஷ்டம்.

பத்தாம் நாள் மத்தியானம் யஸ்ரினா வந்தாள். ஏழு மாதம்.
'நேற்றிலயிருந்து அசைவைக் காணேல்லை மிஸ்.'
டொப்ளரில் பற்றரி இல்லை.
பற்றரி வள்ளத்தில் வரவேண்டும்,
வள்ளம் கடலுக்கு அந்தப் பக்கம்.
அலுமாரியின் கீழ்த்தட்டைக் கிளறி
பழைய அலுமினியக் குழலை எடுத்தேன்.
வயிற்றில் குழல், குழலில் காது,
அதற்குப் பிறகு கையை எடுத்துவிட வேண்டும்.
பிடித்துக்கொண்டே இருந்தால்
கேட்பது உன் விரலின் நாடிதான்.

யன்னலைச் சாத்தினேன்.
அவள் அழுகையை விழுங்கினாள்.
கையை எடுத்தேன். மூச்சை நிறுத்தினேன்.
முதலில் சோளகம்தான்.
பிறகு அவளுடைய பசி.
பிறகு அவளுடைய பயத்தின் பெரிய அடி.
எல்லாவற்றுக்கும் கீழே, மெல்ல,
விடியப்புறம் தொலைவில் தொழிலுக்குப் போகிற
ஒற்றை வள்ளத்தின் எஞ்சின் மாதிரி...
நூற்று நாற்பத்திரண்டு.

எண்ணி முடித்தும் காதை எடுக்கவில்லை.
'என்ன மிஸ்? என்ன மிஸ்?' என்கிறாள்.
நான் வாய் திறக்கவில்லை.
பதில் சொன்னால் கேட்காது.

அந்த இடத்தில்தான் எனக்குச் சுரீரென்றது.
இத்தனை நாளும் மேலே ஒருவர் பேசாமல் இருந்தது,
உள்ளே, இருட்டில், நான் கிடக்க,
அசைவைக் காணவில்லை என்று
யாரோ என்னைப் பற்றிப் போய்ச் சொல்லியிருக்க,
கையையும் எடுத்துவிட்டு
மூச்சை அடக்கி
இந்தத் துண்டு நிலத்தின் மேல்
காதை வைத்திருந்ததாலோ?

தெரியாது.
தரிசனம் ஒன்றும் இல்லை, ஒளி ஒன்றும் இல்லை.
நிமிர்ந்து யஸ்ரினாவிடம் 'இருக்கு' என்றேன்.
அவள் என் தோளில் அழுதாள், சட்டை நனைந்தது.
அன்று மாலை திருந்தாதி மணியை
மூன்று மூன்றாய் இழுத்தபோது
இடையில் விழுந்த மௌனத்தை
நான் அவசரப்படுத்தவில்லை.

பன்னிரண்டாம் நாள் காற்று விழுந்தது.
பாண், பற்றரி, மண்ணெண்ணெய், இரண்டு பை சீமெந்து.
யஸ்ரினாவைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டேன்,
துண்டில் 142 என்று எழுதிக் கீழே கோடும் இழுத்து.
'குடுத்துவிட ஏதும் இருக்கோ மிஸ்?' என்றான் ஓட்டி.
கடிதம் கைப்பைக்குள் இருந்தது.
இருக்கட்டும்.

வரும்போது சவர்க்காரம் வாங்கிவா என்றேன்.
இரண்டு கட்டி.
ஒன்று காகத்துக்கு.